பாதியில் நின்ற பீட விரிப்பு

ஜனவரி 12

என் அருமை வாலுக்கு,

ஆண்டவர் தயவில் இங்கே எல்லாரும் நலம். உன் அண்ணனின் முழங்கால் மட்டும் அலமாரிமேல் ஏறித் தூசி தட்டச் சொல்லும் நாட்களில் வலிக்கிறது. மற்ற நாட்களில் அதுவும் நலம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? அறையில் காற்று வருகிறதா? இரண்டுக்கும் உண்மையான பதில் வேண்டும்.

ரயிலடியில் பேசிக்கொண்டதை மறந்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். போனில் நீ உன் அம்மாவோடும் அண்ணனோடும் பேசிக்கொள். நமக்குள் கடிதம்தான். வேதத்தில் வரும் மலைப்பிரசங்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இருவரும் வாசிப்போம். வாசித்ததற்கு விளக்கம் எழுதக்கூடாது, அது போதகர் வேலை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்தோம் என்று மட்டும் எழுத வேண்டும். ஒன்றும் செய்யவில்லை என்றால் 'ஒன்றும் செய்யவில்லை' என்றே எழுத வேண்டும். நம் இருவருக்கும் வாய் நீளம் என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு.

நம் முதல் பகுதி, உலகத்துக்கு உப்பாகவும் வெளிச்சமாகவும் இருக்கச் சொல்லும் இடம். நான் செய்தது இது. என் துணிக்கடைக்கு ஒரு அம்மா வந்து ஜன்னல் திரைக்கு ஊதா நிறத் துணியைப் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டார். "ரெண்டு வெயிலுக்குத் தாங்காதுங்க, வெளுத்துப் போயிடும்"னு உண்மையைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய் அதே துணியை வாங்கிக்கொண்டு என் கடை வழியாகவே திரும்பிப் போனார். வெளிச்சமாகத்தான் இருந்தேன். அவருக்குக் கண் கூசிவிட்டது போலிருக்கிறது.

இன்னொரு செய்தி. நம் ஆலயத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, தரை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். வேலை முடிந்து திறக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குப் புதுப் பீட விரிப்பு தைத்துத் தரும்படி போதகர் என்னைத்தான் கேட்டார். வெள்ளைத் துணி, நான்கு ஓரமும் திராட்சைக் கொடி, எல்லாம் கைத்தையல். தலைகால் புரியவில்லை எனக்கு. வீட்டில் நடப்பதெல்லாம் ஊசி குத்தாமல் மாட்டும் விரலுறையோடுதான். உன் அண்ணனுக்குச் சாப்பாடு பரிமாறும்போதுகூட அதைக் கழற்ற மறந்துவிடுகிறேன்.

உன் பதிலை வாசலில் உட்கார்ந்து எதிர்பார்க்கும்,
அண்ணி

ஜனவரி 30

அன்பு அண்ணிக்கு,

சாப்பிடுகிறேன். காற்று வருகிறது, கூடவே கீழ்வீட்டுக்காரர் பாடுவதும் வருகிறது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணன் முழங்காலுக்கு என் அனுதாபங்கள்.

வேலை பிடித்திருக்கிறது. கீழே பல் மருத்துவர், மேலே எங்கள் லேப். நாள் முழுவதும் மெழுகு, பிளாஸ்டர், பல் செட். மேசைமேல் வரிசையாக வாய்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கும். இப்போதெல்லாம் தெருவில் யாராவது சிரித்தால் முகத்தைப் பார்ப்பதில்லை, மேல்வரிசையைத்தான் பார்க்கிறேன். ஒருநாள் யாரிடமாவது அடி வாங்கப்போகிறேன்.

உப்புக்கு நான் செய்தது: ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்குப் பல் செட் போட்டபிறகு பேசும்போது விசில் வருகிறது. எங்கள் ஆட்கள் அவர் படியேறி வந்தாலே சிரிப்பை அடக்கிக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். நான் போகாமல் இருந்தேன். அவ்வளவுதான். அவர் பேசப்பேச, விசில் எந்த எழுத்தில் வருகிறது என்று கேட்டுக் கேட்டு, முன்பல்லுக்குப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் கொடுத்தேன். முழுதாகப் போகவில்லை. ஆனால் இப்போது அவர் என்னைத் தவிர வேறு யாரிடமும் வாயைக் காட்டுவதில்லை.

அண்ணி, இதற்குமேல் எழுதுவது உங்களுக்கு மட்டும். இங்கே வந்ததிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்கால் போட்டால் எதிரே சுவர் தெரிகிறது, சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது. ஆலயத்துக்கும் போகவில்லை. போனால் எல்லாரும் பாடுவார்கள், நான் மட்டும் வாயசைத்துக்கொண்டு நிற்க வேண்டும், அது பொய் சொல்வதுபோல் படுகிறது. விசுவாசம் போய்விட்டது என்று சொல்லவில்லை. எங்கோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்களோடு வாசிக்கிற இந்த வாசிப்பு ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துப் போட்டுத்தான் எழுதியிருக்கிறேன், ஆகையால் காதும் காதும் வைத்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குத் தெரிந்தால் அடுத்த ரயிலில் வேதப்புத்தகமும் படுக்கையுமாக வந்து இறங்கிவிடுவார்.

அன்புடன்,
உங்கள் வாலு

பிப்ரவரி 15

என் கண்ணான வாலுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர இந்த வாரம் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

உன் கடிதத்தை வாசித்து அடுப்படியில் நின்று அழுதேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது, உன் அண்ணன் முனகாமல் சாப்பிட்டார். நீ தைரியமாக இரு. உனக்காக நான் சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் என் முறை வந்தது. எழுந்து நின்றேன். எனக்கே தெரியாமல் வார்த்தை வார்த்தையாக வந்தது. "ஆண்டவரே, ஜெபிக்க முடியாம, ஆலயத்துக்கும் போக முடியாம, தூரத்துல தனியா சுவத்தப் பாத்து உக்காந்திருக்கிற எங்க வீட்டுப் பிள்ளைய நினைச்சருளும்"னு மன்றாடினேன். கூடத்தில் கண் கலங்காதவர் ஒருவர்கூட இல்லை. போதகர் மனைவி விம்மிவிட்டார். பக்கத்தில் இருந்த அத்தை, உன் அம்மாதான், என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இத்தனை பேருடைய ஆமென் வீணாகுமா? நீயே பார்.

வாசிப்புக்கு வருவோம். அடுத்த பகுதியில், பீடத்துக்குக் காணிக்கை கொண்டுவரும்போது உன்மேல் ஒருவருக்கு மனக்குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவரோடு ஒப்புரவாகு என்று இருக்கிறது. எனக்கு இந்த உலகத்தில் யாரோடும் மனஸ்தாபம் இல்லை, மாமியாரோடுகூட! ஆகவே நாம் இதைத் தாண்டிப் போய்விடலாம். ஒரு மைல் தூரம் வரச்சொன்னால் இரண்டு மைல் போகச் சொல்லும் இடத்துக்கு வா.

திராட்சைக் கொடி ஒரு ஓரம் முடிந்தது. ஒவ்வொரு இலைக்கும் நரம்பு தைக்கிறேன். போதகர் பார்த்துவிட்டு, பறித்துச் சாப்பிடலாம்போல இருக்கிறது என்றார்.

உனக்காக இன்னும் பலமாக ஜெபிக்கப்போகும்,
அண்ணி

மார்ச் 8

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு,

நலம். தங்கள் அனைவரின் நலமும் அறிய விருப்பம்.

இங்கே வேலை அதிகம். தபாலும் அதிகம். தபால்காரர் என்னைத் தனியாக விசாரிக்கும் அளவுக்கு வருகிறது.

இரண்டு மைல் போக நேரம் கிடைக்கவில்லை. நான் ஆறாம் அதிகாரத்துக்குப் போய்விட்டேன். ஜெபிக்கும்போது உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. நல்ல யோசனையாகப் படுகிறது.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் நாத்தனார்

மார்ச் 19

வாலு!

முதலில் சுகம் விசாரிக்க வேண்டும் என்ற முறையை நான் மறக்கவில்லை. ஆனால் 'அண்ணி அவர்களுக்கு' என்று வாசித்ததும் என் சுகம் போய்விட்டது. நான் என்ன தாசில்தாரா? 'தங்கள் நாத்தனார்' என்று வேறு கையெழுத்து! நீ இந்த வீட்டில் என் சேலையைக் கிழித்து ஊஞ்சல் கட்டியவள், ஞாபகம் இருக்கட்டும்.

வேலையில் யாராவது திட்டினார்களா? காய்ச்சலா? உன் அண்ணனிடம் நீ போனில் நன்றாகத்தான் பேசினாயாம். நான் போனை வாங்கியதும் "வேலை இருக்கு அண்ணி, வச்சிடறேன்"னு வைத்துவிட்டாய்.

உன் மேசை நாற்காலி மரக்கட்டை என்று முன்பு சொன்னாய் அல்லவா? மெத்தை ஒன்று தைத்து அனுப்பியிருக்கிறேன். கடையில் மிஞ்சிய துணி இல்லை, புதுத்துணி. இதுதான் என் இரண்டாம் மைல். முதல் மைலாக அத்தையை ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் வாரம் முழுக்கச் சந்தைக்கு அழைத்துப் போய்வந்தேன்.

அத்தை உனக்கு எழுதினாராமே? போதகரும் எழுதப்போவதாகச் சொன்னார். பார்த்தாயா, எத்தனை பேர் உன்னைத் தாங்குகிறார்கள்! பீட விரிப்பு இரண்டு ஓரம் ஆகிவிட்டது.

மெத்தை வந்ததா என்றாவது ஒரு வரி எழுது.

அண்ணி

ஏப்ரல் 22

அன்பு வாலுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கையெழுத்தைப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது.

உன் அண்ணனிடம் புலம்பினேன். ஆலயத்தில் மைக் பார்த்துக்கொள்கிற மனிதர் அல்லவா, வீட்டில் சத்தமே போடமாட்டார். ஒயரைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"அவ உனக்கு எழுதினது யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஜெபக்கூட்டத்துல சொன்னேன். ஜெபம்தானே பண்ணினேன்?"

"நீ ஜெபம் பண்ணல. செய்தி வாசிச்ச."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உன் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். 'உங்களுக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறாய். நான் அந்த வரியை அன்றைக்கே வாசித்தேன். ஆண்டவரிடம் சொல்வது எந்தக் கணக்கிலும் வராது என்று நினைத்துவிட்டேன்.

என்னை மன்னித்துவிடு. ஆனால் நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்று உனக்கே தெரியும். ஆனால் அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தது ஜெபிக்கிற வேகத்தில் மறந்துவிட்டது. நான் பேரைச் சொல்லவில்லை, ஆனால் நம் வீட்டுப் பிள்ளை என்றால் நீ ஒருத்திதான் என்பது பிறகுதான் உறைத்தது. உனக்கு வருத்தம்தான். ஆனால் உனக்காக இப்போது எத்தனை பேர் ஜெபிக்கிறார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பதில் எழுது, கண்ணு. திட்டியாவது எழுது.

அண்ணி

மே 3

அண்ணிக்கு,

உடம்பு நலம். திட்டியாவது எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

அம்மா தாள் தாளாக எழுதியிருந்தார். நான் ஐந்து வயதில் காணிக்கைப் பையிலிருந்து பொத்தான் எடுத்ததிலிருந்து இன்றுவரை வரிசையாக. ஜெபக்கூட்டத்துப் பெண்களில் எனக்கு முகமே ஞாபகம் இல்லாதவர்கள் எல்லாம் எழுதினார்கள். ஒருவர் வாசிக்க வேண்டிய சங்கீதங்களை, காலை மாலை இரு வேளை என்று மருந்துச்சீட்டு மாதிரியே எழுதியிருந்தார். போதகர் என்ன செய்தார் தெரியுமா? தபால் அட்டையில், லேப் முகவரிக்கு, 'காணாமற்போன ஆட்டுக்குட்டிக்கு' என்று ஆரம்பித்து எழுதினார். அட்டை, அண்ணி! மூடாத அட்டை! கீழே வரவேற்பில் இருக்கும் பெண் வாசித்தாள், மருத்துவர் வாசித்தார், விசில் வாத்தியார் வாசித்துவிட்டு என்னிடமே கொண்டுவந்து கொடுத்து, "என்னம்மா, காணாமப் போயிட்டீங்களா? தினம் இங்கதானே இருக்கீங்க?" என்றார். நல்லவேளை, அவர் விசிலோடு சொன்னதால் அழுகையோடு சிரிப்பும் வந்தது.

பல் செட் உறுத்துகிறது என்று யாராவது வந்தால் என்ன செய்வோம் தெரியுமா? உறுத்துகிற இடம் எது என்று கண்டுபிடித்து அந்த இடத்தைத் தேய்ப்போம். உங்கள் மன்னிப்புக் கடிதம் வெளிப்பக்கம் பளபளவென்று பாலிஷ் போட்ட செட். உறுத்துகிற இடத்தை நீங்கள் தொடவே இல்லை. 'ஆனால்' 'ஆனால்' என்று சுற்றிச்சுற்றி வந்திருக்கிறீர்கள்.

நான் யாரிடமும் சொல்லாததை உங்கள் ஒருவரிடம் சொன்னேன். சொன்னபிறகு கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. இப்போது எல்லாருக்கும் நான் ஒரு ஜெபக் குறிப்பு. ஊருக்கு வந்தால் ஒவ்வொருவரும் என் முகத்தைப் பார்த்து 'இப்போ ஜெபம் வருதா?' என்று கேட்பார்கள். இனி யாரிடமும் எதையும் சொல்வதாக இல்லை. இந்த வாசிப்பையும் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

நிறுத்துவதற்கு முன் ஒன்று. நமக்கு வேண்டாம் என்று ஒரு பகுதியைத் தாண்டி வந்தீர்களே, அதைத் திரும்பிப் போய் வாசியுங்கள்.

மெத்தை வந்தது. வாத்தியாருக்குக் கொடுத்துவிட்டேன். நன்றாக இருக்கிறதாம்.

நாத்தனார்

மே 14

வாலுக்கு,

வாசித்தேன்.

விரிப்பில் மூன்று ஓரம் முடிந்து நாலாவது ஓரத்தில் பாதிக் கொடி வரைக்கும் வந்திருந்தேன். வருகிற ஞாயிறு ஆலயம் திறக்கிறார்கள். உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, வேதத்தை எடுத்து அந்த இடத்தை வாசித்துவிட்டு, மறுபடி ஊசியை எடுத்தேன். தைக்க வரவில்லை. பீடத்துக்குப் போகிற துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், என்மேல் மனக்குறையோடு நீ அங்கே இருக்கிறாய். இதைவிடத் தெளிவாக எனக்கு யார் சொல்ல வேண்டும்? இத்தனை வருஷமாக அந்த வசனத்தை மற்றவர்கள் சண்டைக்கு எடுத்துச் சொல்லியே பழகிவிட்டேன்.

விரிப்பை அப்படியே ஊசியோடு கொண்டுபோய்ப் போதகரிடம் கொடுத்தேன். அவர் பதறிவிட்டார்.

"என்னம்மா இது? இன்னும் ரெண்டு நாள் வேலைதானே, முடிச்சிட்டுப் போங்களேன்!"

"முடிச்சிட்டுப் போன்னு வேதத்துல எழுதலைங்கய்யா."

அவர் அனுப்பிய அட்டையை உன் லேப்பே வாசித்ததையும் சொன்னேன். அவர் துணியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த அட்டையை நான் உறை போட்டு அனுப்பியிருக்கணும்"னு மெதுவாகச் சொன்னார். "எழுதியே இருக்க வேண்டாம்"னு நான் சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறேன். அத்தையும் வருவதாகப் பெட்டியை எடுத்தார். உன் அண்ணன் பெட்டியின் சாவியை எங்கேயோ தொலைத்துவிட்டார். அவர் எதையும் தொலைக்கிற ஆள் இல்லை, உனக்குத் தெரியும்.

நீ கதவைத் திறக்காவிட்டால் பரவாயில்லை. லேப் படியில் உட்கார்ந்திருப்பேன். யாராவது கேட்டால் பல் கட்ட வந்தவள் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணி

ஜூன் 2

என் அன்பு அண்ணிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? ரயிலில் இடுப்பு வலிக்கவில்லையே? உங்கள் விரலுறை என் ஜன்னலோரம் கிடக்கிறது. அனுப்பவா, அடுத்த தடவை வந்து எடுத்துக்கொள்கிறீர்களா?

நேரில் சொல்ல வராததை எழுதுகிறேன். நம் இருவருக்கும் எழுத்துதான் சரிப்படுகிறது.

உங்கள் கடிதம் வந்தபிறகும் கதவைத் திறக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். தட்டின சத்தம் கேட்டதும் என் கால் என்னைக் கேட்காமல் போய்விட்டது. நீங்கள் பையைக்கூடக் கீழே வைக்காமல், "தப்பு என்னுது வாலு"ன்னு சொல்லிவிட்டு நிறுத்தினீர்கள். அடுத்து 'ஆனால்' வரும் என்று நான் காத்திருந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் அது தொண்டைவரை வந்து நிற்பது தெரிந்தது. அதை நீங்கள் விழுங்கினீர்கள் பாருங்கள், அப்போதே எனக்கு எல்லாம் ஆறிவிட்டது. உடனே காட்டிக்கொள்ளவில்லை, தேநீர் போடப் போய்விட்டேன். கொஞ்சம் கெத்து வேண்டும் இல்லையா?

அங்கே நம் ஆலயம் திறந்த ஞாயிறன்று நீங்கள் இங்கே என் பக்கத்தில், தெரியாத ஒரு ஆலயத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். நீங்கள் தைத்த விரிப்பைப் பீடத்தில் பார்க்க எத்தனை ஆசைப்பட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. நான் பாடாமல் நின்றபோது திரும்பியும் பார்க்கவில்லை. அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பதும் தெரியும். கழுத்து சுளுக்கினவர் மாதிரி நேராகவே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். நீங்கள் போன மறுநாள் ஒரு மேல் செட்டுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். மோட்டார் ஓடும்போது நாம் பேசுவது நமக்கே கேட்காது. உங்கள்மேல் கோபமாக இருந்த நாளெல்லாம் அந்தச் சத்தத்தில்தான் உங்களைக் கண்டபடி திட்டுவேன். அன்றைக்குப் பழக்கத்தில் வாயைத் திறந்தேன். திட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அப்போதுதான் உறைத்தது, அத்தனை நாளும் நான் யாரிடம் திட்டிக்கொண்டிருந்தேன் என்று. "பாருங்க ஆண்டவரே, உங்க பிள்ளை பண்ணின வேலையை! உங்ககிட்ட சொல்றேன்னு ஊருக்கே சொல்லிட்டாங்க! நீங்களே கேளுங்க!" இரண்டு மாதமும் தினமும் இதே பேச்சு. சாப்பிடும்போது, படியேறும்போது, படுக்கும்போது. உங்களைப் பற்றி இத்தனை புகார் சொன்னேனே, ஒருநாள்கூடச் சுவர் ஞாபகம் வரவில்லை. சுவரோடு யாராவது இவ்வளவு நேரம் சண்டை போடுவார்களா அண்ணி?

மோட்டாரை நிறுத்திவிட்டு அங்கேயே மேசைமேல் தலையை வைத்து அழுதேன். அழுது முடித்து, "உங்ககிட்டதான் இவ்ளோ நாள் பேசிக்கிட்டிருந்தேனா?"ன்னு கேட்டேன். சந்தோஷம் அண்ணி, வேறு வார்த்தை தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரர் செட் உடைந்துவிட்டதோ என்று ஓடிவந்தார்.

நம் கட்டுப்பாட்டின்படி நான் செய்ததையும் எழுத வேண்டும். அம்மாவுக்கு எழுதிவிட்டேன். அந்தப் பொத்தானை நான் எடுத்தது உண்மை என்று முதல் வரியிலேயே ஒத்துக்கொண்டேன். சங்கீதச் சீட்டு அனுப்பியவருக்கு நன்றி எழுதினேன், காலை வேளையை மட்டும் கடைப்பிடிப்பதாக. வாத்தியாரிடம் மெத்தையைத் திருப்பிக் கேட்டேன். கொடுக்கமாட்டேன் என்று விசிலோடு சொல்லிவிட்டார். வேறொன்று தைத்து அனுப்புங்கள்.

வாசிப்பை நிறுத்துவதாக எழுதியது கணக்கில் இல்லை. நான் எழுதியதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று இந்தத் தடவை நான் எழுதவில்லை பாருங்கள். எழுதத் தேவையில்லை.

உங்கள்,
வாலு

ஜூன் 13

என் வாலுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். இடுப்பு வலி உண்டு, அதைவிட மனசு லேசாக இருப்பது அதிகம். உன் அண்ணனுக்கு முழங்கால் இப்போது அறவே வலிக்கவில்லை. நான் இல்லாத நாட்களில் அலமாரியை அவரே துடைத்திருக்கிறார். சந்தேகமாக இருக்கிறது, விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

விரலுறை அங்கேயே இருக்கட்டும்.

திறப்பு நாளன்று பீடத்தில் பழைய விரிப்பைத்தான் போட்டார்களாம். புதியது எங்கே என்று எல்லாரும் கேட்டார்களாம். தைக்கிறவங்க முதல்ல செய்ய வேண்டிய வேலைக்குப் போயிருக்காங்க என்று மட்டும் போதகர் சொன்னாராம். இப்போது முடித்துக் கொடுத்துவிட்டேன். நாலாவது ஓரத்தில் பாதிக்கு மேல் பச்சை நூல் கொஞ்சம் மாறித் தெரிகிறது. பழைய நூற்கண்டு கிடைக்கவில்லை, புதுக்கண்டில் தைத்தேன். பிரித்துவிட்டு முழு ஓரத்தையும் தைத்துத் தருகிறேன் என்றேன். "வேண்டாம், அப்படியே இருக்கட்டும்"னு போதகர் அந்த ஓரத்தை எல்லாரும் பார்க்கிறமாதிரி முன்பக்கம் போட்டுவிட்டார். ஞாயிறுதோறும் என் கண் அங்கேயே போகிறது.

உன் கடிதத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. வாசித்துவிட்டு நான் என்ன பாடு பட்டேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். குழம்பு மறுபடி அடிப்பிடித்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம். குறிப்பு உண்டா என்று கேட்டார்கள். என் நாத்தனாருக்காக ஸ்தோத்திரம் செலுத்துங்கள் என்றேன். மூடியிருந்த கண்களில் பாதி திறந்துகொண்டன. அத்தைக்கு இரண்டு கண்ணும் திறந்துகொண்டன.

"என்ன விஷயம்? சொன்னாத்தானே பாரத்தோட ஜெபிக்கலாம்?" என்றார் போதகர் மனைவி.

வாலு, நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மோட்டார், சுவர், நீ மேசைமேல் தலை வைத்தது எல்லாம். எப்பேர்ப்பட்ட சாட்சி! அந்தக் கூடமே அழுதிருக்கும். என் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய சோதனை வந்ததில்லை.

"அது அவளுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல"ன்னு சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வேர்த்துக் கொட்டியது. இதுதான் இந்த வாரம் நான் செய்தது.

இப்போது துணி அடுக்கிவைக்கும் சின்ன அறைக்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கதவைச் சாத்தி, உள்தாழ்ப்பாளும் போட்டிருக்கிறேன். கொஞ்சம் முன்னால்வரை வேறு வேலையில் இருந்தேன். உன் அண்ணன் வெளியே நின்று தட்டுகிறார்.

"உள்ள தனியா யாரோட பேசிக்கிட்டிருக்க? யாருக்காக ஜெபம்?"

சொல்லமாட்டேன் என்றேன்.

என்றும் உன்,
அண்ணி